வீடு பார்க்க வந்தவர்

ஜட்கா வண்டி தெருமுனையில் திரும்பியபோதே சங்கரபாண்டி எட்டிப் பார்த்தான். அவன் வீட்டு வாசலில் ஒரு கறவைமாடு நின்றது. அவர்களிடம் மாடு கிடையாது.

வண்டியில் உடன் இருந்த முத்துக்குமாரசாமி, சிவகிரி வியாபாரி ஒருவர் ஏற்படுத்திய கல்வி தர்மத்தின் காரியதரிசி. சாரலுக்காகக் குற்றாலத்தில் தங்கியிருந்தார். இண்டர்மீடியட் படிக்க வழியில்லாத ஒரே ஒரு மாணவனுக்குத்தான் இந்த வருஷம் உதவி. வீட்டை நேரில் பார்த்த பிறகே முடிவு. அதற்காகத்தான் சங்கரபாண்டி விடிந்ததும் குற்றாலத்துக்கு நடந்துபோய் அவரைத் தென்காசிக்கு அழைத்து வந்திருந்தான்.

உள்ளே, தெருக்கோடி நயினார் வீட்டு நாற்காலி, துலக்கிய வெண்கலப் பானைகள், யார் வீட்டதென்றே தெரியாத குத்துவிளக்கு. தலைவாழை இலை போட்டிருந்தது. பாயசம் மணந்தது.

"வாங்க அண்ணாச்சி. சாப்பிட்டுட்டுத்தான் போவணும்," என்றாள் அம்மா முருகம்மாள், அடுக்களை வாசலில் நின்றபடி.

சங்கரபாண்டி அவளருகே போய்ப் பல்லைக் கடித்தான். "என்னம்மா இது? நம்ம கஷ்டத்தப் பாக்கத்தானே வந்திருக்காவ!"

"பெரிய எடத்து ஆளு வீடேறி வந்திருக்காவ. வெறுந்தரையில உக்கார வச்சு பச்சத்தண்ணி குடுக்கச் சொல்லுதியா? உங்கப்பா இருந்தா விடுவாவளாலே?"

முத்துக்குமாரசாமி ரசித்துச் சாப்பிட்டார். கைகழுவிவிட்டு மாட்டைப் பார்த்தார்.

"எத்தன படி கறக்குது?"

"காலையில மட்டும் ரெண்டு படி," என்றாள் முருகம்மாள், கொஞ்சமும் தயங்காமல்.

"சந்தோஷம். தம்பி, சுரண்டையில ஒரு பையனும் மனு போட்டிருக்கான். அவன் வீட்டுல கூரையே ஒழுகுது. நீங்க எப்படியும் சமாளிச்சிருவீக." வெளியே காத்திருந்த வண்டிக்காரனுக்குச் சைகை காட்டிவிட்டு, ஒரு காலில் செருப்பை மாட்டினார்.

சங்கரபாண்டி குறுக்கே போய் நின்றான். "ஐயா, அடுக்களைய ஒருதடவ பாத்துட்டுப் போங்க."

"ஏலே! கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?" முருகம்மாள் வாசல் நிலையின் இருபுறமும் கைகளை ஊன்றிக்கொண்டாள். வெளி ஆண் யாரும் அந்த அடுக்களை வரை வந்ததில்லை.

"மாடு எங்களுது இல்லய்யா. நாற்காலி, பானை, வெளக்கு, எதுவுமே எங்களுது இல்ல. நீங்க சாப்பிட்ட அரிசி, பக்கத்து வீட்டு இராமலட்சுமி அத்தை குடுத்தது."

"பொய் சொல்லுதான் அண்ணாச்சி." அவள் நிலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மனுவுல ஒண்ணு எழுதியிருக்கு, வீட்டுல ஒண்ணு இருக்கு," என்றார் காரியதரிசி. குரலில் கடுமை ஏறியிருந்தது. "யாரு சொல்லுதத நான் நம்ப?"

சங்கரபாண்டி அம்மாவையே பார்த்தான். மகன் முகத்தை வெகுநேரம் முறைத்துக்கொண்டு நின்றவள், ஒரு கையை எடுத்தாள். பிறகு மறு கையையும் எடுத்தாள். சுவரோரம் ஒதுங்கி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

முத்துக்குமாரசாமி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். அடுப்பு, இரண்டு மண்சட்டி, ஓர் அகப்பை. நெல் போட்டுவைக்கும் குலுக்கைக்குள், சாரலில் நனையாமல் இருக்க, விறகு அடுக்கியிருந்தது.

திரும்பியவர் முருகம்மாள் பக்கம் பார்க்கவில்லை. "காலேஜ் தொறந்ததும் போய்ச் சேரு தம்பி. பணத்த அங்கனயே கட்டச் சொல்லிருதேன்."

ஜட்காவின் சத்தம் தேய்ந்த பிறகும் அவள் அப்படியே நின்றாள்.

"கெடச்சிருச்சும்மா," என்றான் சங்கரபாண்டி.

முந்தானைக்குள்ளிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

"வண்டிக்காரன் காதுல விழுந்திருக்குமாலே?"