கால்ல மட்டும் வேண்டாம் சாமி

என் வீட்டுக்காரருக்குக் குழந்தைசாமி என்று பெயர் வைத்தவர்கள் அவருடைய பிடிவாதத்தைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். டில்லியில் மத்திய சர்க்கார் குமாஸ்தா, ஆர்.கே.புரத்தில் மாடி குவார்ட்டர்ஸ், ஞாயிறு தவறாமல் பூசை. எல்லாம் சரி. எண்ணெய் என்று வந்தால் மட்டும் மனுஷனுக்குப் புத்தி பிசகிவிடும்.

அந்த வருஷம் புனித வாரத்தில் பேராயர் எண்ணெய் மந்திரிக்கிற பூசைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். பீடத்துக்கு முன்னால் மூன்று பெரிய பாத்திரங்கள். ஒன்று நோயாளிகளுக்கு, ஒன்று ஞானஸ்நானத்துக்குத் தயாராகிறவர்களுக்கு, மூன்றாவது உறுதிபூசுதலுக்கான கிறிஸ்மா. அதில் வாசனைத் தைலத்தைக் கலந்து பேராயர் குனிந்து ஊதினார் பாருங்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவர் என் காதுக்குள், "நோயாளிக்குன்னு ஒண்ணு மந்திரிச்சாரே, அதுதான் ஆளை அனுப்புற எண்ணெய். அந்தப் பக்கம் பார்க்காதே" என்றார்.

எங்கள் திண்டுக்கல் பக்கம் அதற்கு அவஸ்தை என்றுதான் பெயர். சாமியார் அவஸ்தை கொடுக்க வீட்டுக்குள் நுழைந்தால் பெண்கள் அழ ஆரம்பிப்பார்கள், ஆண்கள் பந்தலுக்குச் சொல்லக் கிளம்புவார்கள். இவருடைய அப்பாவுக்குச் சாயங்காலம் எண்ணெய் பூசினார்கள், விடிவதற்குள் போய்விட்டார். சித்தப்பாவும் அப்படியே. மூச்சு தொண்டைக்கு வந்த பிறகுதான் சாமியாரையே கூப்பிட்டார்கள். குற்றம் எண்ணெய்மேலா, கூப்பிட்டவர்கள்மேலா? இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

மே மாதத் தண்ணீர்ப் பஞ்சத்தில் கீழேயிருந்து வாளி வாளியாகத் தூக்கி இவருக்குக் குடல் இறங்கிவிட்டது. இன்னும் தள்ளிப் போட்டால் குடல் முறுக்கிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கட்டாயமாகச் சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஆபரேஷனுக்கு முதல் நாள் மாலை, பார்வையாளர் நேரத்தில், ஃபாதர் இராஜமாணிக்கத்தை வரச் சொன்னேன். டில்லிக்கு மேல்படிப்புக்கு வந்தவர், சின்ன வயசு, எங்களுக்குத் தமிழில் பூசை வைப்பவர்.

அவர் கையில் விரல் அளவுக்கு ஓர் உலோகச் சிமிழ். அதைப் பார்த்ததும் இவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"ஐயா, இப்ப இதை அவஸ்தைன்னு சொல்றதில்லை. நோயில் பூசுதல். சாகக் கிடக்கிறவங்களுக்குன்னு இல்லை, பெரிய ஆபரேஷனுக்குப் போறவங்களுக்கும் பூசலாம்" என்றார் ஃபாதர்.

"பேரை மாத்தினா ஆச்சா சாமி? இர்வின் ரோடுக்கு பாபா கரக் சிங் மார்க்னு பேர் வச்சாங்க. குழி எல்லாம் அதே குழிதானே?"

"எண்ணெய்லகூட மாத்தம் வந்திருக்கு. முன்னே ஒலிவ எண்ணெய் மட்டும்தான். இப்ப அது கிடைக்காத இடத்துல வேற தாவர எண்ணெயும் ஆகலாம்."

"டால்டாவுமா?"

ஃபாதர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எண்ணெய் பூசாம உங்களை உள்ளே தள்ளிட்டுப் போக விடமாட்டேன்" என்றேன்.

"பூசினா நான் ஆபரேஷனே பண்ணிக்க மாட்டேன். இந்தப் பைஜாமாவோடயே பஸ் ஏறிடுவேன்" என்றார்.

சொன்னால் செய்வார். ஏறினால் குடல் முறுக்கும். ஏறாமல், பூசாமல் உள்ளே போய் ஏதாவது ஆகிவிட்டால், நான் எந்த முகத்தோடு ஜெபமாலையைத் தொடுவேன்?

பக்கத்துக் கட்டிலில் சேஷன் என்று ஒருவர், கோல் மார்க்கெட்காரர், ஐயங்கார். சிறுநீரகத்தில் கல். வலியிலும் நெற்றி நிறைய நாமம். எங்கள் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் முழங்கையை ஊன்றி எழுந்தார்.

"ஃபாதர், அவருக்கு வேண்டாம்னா எனக்குப் போடுங்கோளேன். வலியில பிராணன் போறது."

ஃபாதர் திணறினார். "சார், இது ஞானஸ்நானம் வாங்கினவங்களுக்கு மட்டும்தான். உங்களுக்காக ஜெபம் வேணா பண்றேன்."

"அச்சா! ஜெபம் எல்லாருக்கும், எண்ணெய்க்கு மட்டும் ரிசர்வேஷனா? நெத்தியில இடம் இருக்கு ஃபாதர். நாமத்துக்கு இந்தண்டை கொஞ்சம் ஒதுக்கிப் போட்டாப் போறும்."

ஃபாதர் நல்ல மனுஷன். சேஷன் கட்டிலுக்குப் போய் அவர் தலைமேல் ஒரு கையை வைத்து ஜெபிக்க ஆரம்பித்தார். இன்னொரு கையில் சிமிழ். அது சேஷனின் மூக்குக்கு நேரே இருந்தது.

இவர் அந்தச் சிமிழையே பார்த்தார். மண்ணெண்ணெய் க்யூவாக இருக்கட்டும், பால் பூத்தாக இருக்கட்டும், குவார்ட்டர்ஸ் சீனியாரிட்டியாக இருக்கட்டும், தனக்கு முன்னால் இன்னொருத்தரை விட்ட சரித்திரம் இந்த மனுஷனுக்குக் கிடையாது. போர்வை கீழே விழுந்தது.

"சாமி! அது எனக்குன்னு கொண்டாந்தது!"

"வேண்டாம்னீங்களே, ஐயா?"

"எனக்கு வேண்டாம்னுதான் சொன்னேன். அவருக்குக் குடுங்கன்னா சொன்னேன்?"

"அப்ப பூசட்டுமா?"

இவர் யோசித்தார். சேஷனை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "எங்கெங்க பூசுவீங்க?"

"நெத்தியிலயும் கையிலயும்."

"எங்கப்பாவுக்குக் கண்ணு, காது, மூக்கு, வாயி, கையி, காலுன்னு பூசினாங்க."

"அது பழைய முறைங்கய்யா. இப்ப கால்ல கிடையாது."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப சரி. கால்ல மட்டும் வேண்டாம் சாமி. காலை விட்டுட்டா எப்படியும் எந்திரிச்சு நடந்து வந்திடுவேன்."

ஃபாதர் இவர் தலைமேல் இரண்டு கைகளையும் வைத்தார். பிறகு சிமிழிலிருந்த பஞ்சில் கட்டைவிரலைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டார், இரண்டு உள்ளங்கைகளிலும் போட்டார். சேஷன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கை கூப்பினார். நான் மெதுவாக ஆமென் என்றேன். இவர்தான், சொந்தமாக வாங்கிவிட்ட கெத்தில், வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி ஆமென் என்றார்.

அந்தக் கெத்தெல்லாம் மறுநாள் காலை ஆர்டர்லி வந்து, "சலோ பாபுஜி, ஜல்தி" என்று ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்வரைதான். வராந்தாவில் என் கையைப் பிடித்தார்.

"தங்கம், நான் போறேன்."

"வாயைக் கழுவுங்க."

"எண்ணெய் பூசியாச்சு. இனி மறைக்கக் கூடாது. கல்யாணம் ஆன நாள்லேருந்து உன் மீன்குழம்புல புளி தூக்கல்னு சொல்லிட்டே இருந்தேன்ல? பொய். எங்கம்மாகூட அப்படி வச்சதில்லை. நல்லா இருக்குன்னு சொன்னா நீ தலைமேல ஏறிடுவியோன்னு பயந்தேன்."

ஆர்டர்லி தள்ளிக்கொண்டே போனான், நான் கூடவே ஓடினேன்.

"எனக்கு டில்லிக்கு மாத்தலானப்ப, பாஷை தெரியாத ஊருக்கு நீ வரமாட்டேன்னுடுவியோன்னு நினைச்சேன். ஒரு வார்த்தை பேசாம ரயிலேறி வந்தே. அதுக்கு ஒரு நாள்கூட நான்..."

கதவு மூடிக்கொண்டது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். புளிக்காக எத்தனை சண்டை! எத்தனை நாள் புளியைக் குறைத்து, எனக்கே பிடிக்காத குழம்பைச் சாப்பிட்டிருக்கிறேன்! மாதாவே, நான் எண்ணெய் கேட்டது இந்த மனுஷனை அனுப்பிவைக்க இல்லை, எங்கேயும் போகாமல் என்னோடு வைத்துக்கொள்ளத்தான் என்று சொல்லிச் சொல்லி ஜெபமாலையை உருட்டினேன். பாதியில் விட்ட பேச்சை முடிக்காமல் செத்தால் மேலே வந்து கேட்பேன் என்றும் சொன்னேன். அது அவருக்கு.

மத்தியானத்துக்கு மேல் வார்டில் கண் விழித்தார். கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"செத்துட்டேனா?"

"இல்லை."

நிம்மதிப்படுவார் என்று பார்த்தால் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப நான் சொன்னதெல்லாம்?"

"கேட்டாச்சு. மிச்சத்தைச் சொல்லுங்க. ஒரு நாள்கூட?"

"மயக்க மருந்துல ஏதோ உளறியிருப்பேன்."

"உங்களை உள்ளே கொண்டுபோனப்புறம்தான் மருந்தே குடுத்தாங்க."

"சாகப் போறவன் சொன்னது. ஆள் பிழைச்சுட்டா அது செல்லாது" என்று கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறாராம்.

தையல் பிரிக்கிற அன்று ஃபாதர் மறுபடி வந்தார். இவர் எழுந்து உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருப்பதைப் பார்த்து அவருக்கு ஒரே சந்தோஷம்.

"சாமி, அந்த எண்ணெயை இவருக்கு இன்னொரு தடவை பூச முடியுமா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கிறவங்களுக்குப் பூசறதில்லைம்மா. மறுபடி பெரிய நோய் வந்தா பூசலாம். ஏன்?"

"இவர் வாயில பாதிப் பேச்சு நிக்குது. எண்ணெய் பூசினாத்தான் வெளிய வரும்."

ஃபாதருக்குப் புரியவில்லை. சேஷனுக்குப் புரிந்துவிட்டது. சிரித்து, கல் இருக்கிற பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காதேங்கோ மாமி" என்று முனகினார். இவர் காது சிவந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஃபாதர் விடைபெற்றுப் போனார். நான் தட்டைக் கழுவி வைத்தேன், போர்வையை உதறி மடித்தேன். சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

"தங்கம்."

"என்ன?"

"எனக்கு அடுத்த வாரம் பலமா ஒரு காய்ச்சல் வரும்போல இருக்கு."