எல்லார் தலையிலும் ஒரே மின்னல்

அந்த சலூன்காரருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். கத்தரியைக் கையில் எடுத்தால் வாயும் சேர்ந்து ஓட ஆரம்பித்துவிடும். வந்தவர் தலையில் எங்கே சுழி, அவர் மாமனாருக்கு எப்போது வழுக்கை விழுந்தது, எதிர்வீட்டில் ஏன் சண்டை என்று ஒன்று விடமாட்டார். பாதி கிராப்பில் எழுந்து ஓட முடியுமா? பாவம், கேட்டுத் தொலைத்தார்கள். அடுத்த மாதம் வேறு சலூனுக்குப் போனார்கள்.

"கடைக்குத் தனியா பூட்டு எதுக்கு? உங்க வாய் ஒண்ணே போதும்" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். உடனே தன் தங்கையை வரவழைத்தாள். தங்கை ஒரு கம்பெனியில் மொபைல் ஆப் எழுதுகிறவள்.

"மாமா, கஸ்டமர் எந்த மாதிரி வெட்டணுமோ அந்த போட்டோவை வீட்டிலேருந்தே அனுப்பிடுவாங்க. அது இன்டர்நெட்ல இருக்கிற க்ளவுடுங்கிற கிடங்குக்குப் போய், உங்க கண்ணாடி பக்கத்துல இருக்கிற டேப்லெட்ல வந்து நிக்கும். பார்த்து வெட்டுங்க. ஒரு வார்த்தை பேச வேண்டாம்."

"ஒரு வார்த்தை கூடவா?" ரேடியோவின் முகம் தொங்கிப்போனது.

"க்ளவுடோட பேசுறதுக்குன்னே ஒரு லைப்ரரி இருக்கு மாமா. யாரோ ஏற்கெனவே எழுதி வெச்ச புரோகிராம். அதை நம்ம ஆப்ல சேர்த்துட்டா, அனுப்புறது, எடுத்துக் காட்டுறது எல்லாம் அதுவே பார்த்துக்கும்."

"லைப்ரரின்னா சத்தம் போடக் கூடாது. கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றாள் அக்கா.

தங்கை லைப்ரரியோடு வந்த சாம்பிள் புரோகிராமை அப்படியே எடுத்து ஒட்டினாள். அதில் வருகிற படத்துக்கெல்லாம் 'போட்டோ' என்று ஒரே பெயர். அந்த இடத்தில் அவரவர் கஸ்டமர் எண்ணைப் போட வேண்டும். 'மாத்தணும்' என்று நினைத்தாள். அதற்குள் அவள் ஆபீஸ் மேனேஜர் கூப்பிட்டார், மறந்தாள். பிறகு தன் படத்தை அனுப்பிப் பார்த்தாள். தன் படமே வந்தது. வராமல் என்ன செய்யும்? ஒரே ஆள் இருக்கிற வீட்டில் யார் தட்டு யாருடையது என்று குழப்பம் வருமா?

கடையில் ஆப்பைத் தொடங்கிய நாள் காலையில்தான் குழப்பம் வந்தது. முன்பதிவு செய்தவர்கள் எல்லாரும் முந்தின நாளே படம் அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு படமும் முன்னால் இருந்ததைத் தள்ளிவிட்டு அதே பெயரில் உட்கார்ந்தது. கடைசியாக அனுப்பியவன் ஒரு கல்லூரிப் பையன். பக்கவாட்டில் மழித்து, காதுக்கு மேல் மின்னல் மாதிரி ஒரு கோடு, உச்சியில் துடைப்பம்போல் நிற்கும் முடி. முதல் ஆளாக வந்து வெட்டிக்கொண்டு, விசிலடித்தபடி போனான்.

அடுத்து கணக்கு வாத்தியார். டேப்லெட்டில் அதே மின்னல். ரேடியோ படத்தைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார், வாயைத் திறந்தார். கடைத் திரைச்சீலைக்குப் பின்னால் காவலுக்கு நின்ற மனைவி இருமினாள். வாய் மூடியது. 'ஆசை யாரை விட்டது' என்று மெஷினை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்த வாத்தியார், சலூனில் இப்படி ஒரு நிம்மதியா என்று தூங்கியே போனார்.

விழித்துக் கண்ணாடியை மாட்டியவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரேடியோ பேசாமல் டேப்லெட்டைக் காட்டினார். 'நீங்கள் அனுப்பியதுதானே?' என்று கையாலேயே ஜாடை. ஆப் தப்பு செய்யும் என்று வாத்தியாருக்குத் தோன்றவில்லை. தன் விரல்தான் எதையோ தொட்டுத் தொலைத்திருக்கும் என்று தலையைக் குனிந்தபடி வெளியேறினார். பின்னால் வந்த பேங்க் மேனேஜர் போனில் யாரையோ திட்டிக்கொண்டே மின்னல் வாங்கினார். கண்ணாடியில் பார்த்ததும், "என் பொண்ணு வேலைதான் இது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனார்.

இதற்கிடையில் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து கைதவறித் தன் நாயின் படத்தை அனுப்பிவிட்டார். பந்து பந்தாகச் சுருள் முடி, தலையில் சிவப்பு ரிப்பன். அந்த நேரம் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒரு வக்கீல்.

ரேடியோ பார்த்தார். திரைக்குப் பின்னால் இருமல். இன்னொரு இருமல். எத்தனை இருமினால் என்ன, மடை உடைந்துவிட்டது.

"சார், வெட்டிடலாம், அது பெரிய விஷயமில்ல. ரிப்பன் கையோட கொண்டு வந்திருக்கீங்களா?"

வக்கீல் போர்த்திய துணியோடு எழுந்து நின்றார். டேப்லெட்டைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பேசியதில் பாதி சட்டம், பாதி எழுதக்கூடாதது.

போன் பறந்தது. தங்கை ஆபீஸில் புரோகிராமைத் திறந்து பார்த்ததுமே, "ஐயோ மாமா!" என்று அலறினாள். பக்கத்து மேசைக்காரர் காபியைக் கொட்டிக்கொண்டார். ஒவ்வொரு படத்துக்கும் அவரவர் எண்ணைப் பெயராகப் போட்டாள். அரை வரி மாற்றம்தான். இந்த முறை வேறு வேறு ஆள் மாதிரி படங்கள் அனுப்பிப் பார்த்தாள். அவரவர் படம் அவரவருக்கே வந்தது. வக்கீல் தன் படத்தை மறுபடி அனுப்ப, அவர் கேட்ட கிராப்பே கிடைத்தது.

சாயங்காலம் கல்லூரிப் பையன் புயலாக உள்ளே வந்தான். "என்ன அண்ணே இது! பேங்குக்குப் போனா மேனேஜர் தலையில என் மின்னல். ஊர்ல ஒருத்தன்கிட்டயும் இல்லாத ஸ்டைலுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். மானம் போச்சு. எனக்கு வகிடு எடுத்து சாதா கிராப்பு வெச்சு விடுங்க."

"அதுக்கு முதல்ல முடி வளரணுமே தம்பி" என்றார் ரேடியோ. "உட்காரு, வளர்ற வரைக்கும் பேசிக்கிட்டிருப்போம்."

பையன் வந்த வேகத்திலேயே திரும்பிப் போனான்.

மறுநாள் தங்கை மாமாவையும் இழுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கக் கிளம்பினாள். பேங்க் மேனேஜர் தொப்பி போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மகளுக்குப் போன் போட்டு, "நேத்து திட்டினதை வாபஸ் வாங்கிக்கிறேன்மா" என்றார்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வகுப்புக்கு வெளியே வந்தார். காதுக்கு மேல் மின்னல் பளிச்சென்று இருந்தது. தங்கை கைகூப்பினாள். "சார், தப்பு என்னோடது. இன்னிக்கே வாங்க, மாமா மின்னலை மழிச்சு சமமாக்கிடுவார்…"

"உஷ்! அதெல்லாம் அப்புறம்" என்றார் வாத்தியார் அவசரமாக. "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் பசங்க என் பக்கம் திரும்பியே பார்க்கிறானுங்க. இந்தச் சூட்டோட பின்னக் கணக்கை முடிச்சிடறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஓடினார்.