மூன்று பேர் சுத்தம் செய்த தண்ணீர்

கோழிக்குஞ்சுகள் பொரிந்து வந்த நாளில் அந்த வீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. இன்குபேட்டரில் அவள் வைத்திருந்த முட்டைகளைப் பற்றி அவன் தன் அக்காவிடம் போனில், "அவிச்சுத் தின்னிருந்தா உடம்புலயாவது ஒட்டியிருக்கும்" என்று சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஆசை ஆசையாகத் தொடங்கிய முதல் காரியம் அது. அன்று மூடிய வாயை, பதினாறு குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தபோதும் அவள் திறக்கவில்லை.

சொல்ல வேண்டியதெல்லாம் மாமியார் வழியாகப் போனது.

"அத்தை, குஞ்சுப் பெட்டியில சூடு போதலைன்னு சொல்லுங்க."

"டேய், சூடு போதலையாம்."

"கேட்டுச்சும்மா. பக்கத்துலதானே நிக்கிறேன்."

அவன் எலக்ட்ரீஷியன். பெட்டிக்கு மேல் தொங்கிய பல்பை இன்னும் கொஞ்சம் இறக்கிக் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

தண்ணீரை அவள் யாரிடமும் விடவில்லை. கால்நடை டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தொட்டித் தண்ணீரை அப்படியே வைக்கக் கூடாது. வாளியில் பிடித்துக் குளோரின் சொட்டு விட்டு மூடிவைக்க வேண்டும். தட்டில் கூழாங்கல் பரப்ப வேண்டும். இல்லையென்றால் குஞ்சு குடிக்கப் போய் அதிலேயே தூங்கி மூழ்கிவிடும். முதல் நாளே குடிக்கப் பழகாத குஞ்சு தேறாது.

எல்லாம் அப்படியே செய்தாள். ஒரு குஞ்சை எடுத்து அதன் அலகைத் தண்ணீரில் நனைத்தாள். அது தலையை உதறிவிட்டுப் பின்வாங்கியது. அடுத்ததும் உதறியது. மதியம் வரை ஒன்றுகூடக் குடிக்கவில்லை. பல்புக்கடியில் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ தீர்மானம் போட்டவை போல உட்கார்ந்திருந்தன.

அவள் பெட்டியருகே குனிந்தாள். தட்டைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். மூக்கில் ஏறியது நீச்சல் குளத்து வாடை. ரோஷம் ஒரு பக்கம், பதினாறு உயிர் ஒரு பக்கம். உயிர்தான் கனத்தது.

"என்னங்க."

அவன் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான்.

"உங்களைத்தான். வாளியில மருந்து விட்டீங்களா?"

"விட்டேன். நீ மறந்திருப்பேன்னு."

"நானும் விட்டேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"யாருகிட்ட?"

மாமியார் தொண்டையைச் செருமினாள்.

"நானும் விட்டேன். நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டுத் திரியுறீங்க, இதையெல்லாம் யாரு பார்ப்பான்னு... கொஞ்சம் கூடவே விழுந்துடுச்சு."

அந்தத் தண்ணீரில் ஒரு கிருமி தப்பிப் பிழைத்திருந்தால் அதற்கு மாலை போட்டிருக்கலாம்.

அவன் வாளியைக் கொட்டினான். கற்களை வாசனை போகும்வரை கழுவினான். அவள் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கினாள். அவன் அட்டையால் விசிற, அவள் மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, வெதுவெதுப்பானதும் தட்டில் ஊற்றினாள்.

முதல் குஞ்சு அலகை நனைத்தது. தலையை அண்ணாந்து விழுங்கியது. மறுபடி குனிந்தது. அவ்வளவுதான், மற்றவை கல்யாணப் பந்தி போல முட்டி மோதிக்கொண்டு வந்தன. ஒன்று மட்டும் எழுந்திருக்கவில்லை. அவன் அதை உள்ளங்கையில் ஏந்தினான்.

"அழுத்தாதீங்க. மூக்குல தண்ணி ஏறிடும்."

"தெரியும்."

"தெரியாது."

"சரி, தெரியாது. சொல்லிக்குடு."

அவள் அவன் கையைப் பிடித்து மெல்லத் தாழ்த்தினாள். அலகின் நுனி நீரைத் தொட்டது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தக் குஞ்சு ஒரு மிடறு விழுங்கியது. அப்புறம் இன்னொன்று.

அவள் பிடித்த கையை விடவில்லை.

"நாளையிலிருந்து மருந்து நீங்கதான் விடணும். விட்டா சொல்லணும்."

"சொல்றேன்."

"விடலைன்னாலும் சொல்லணும்."

அவன் தலையாட்டினான்.

"தலையாட்டினா ஆகாது. வாயைத் திறந்து சொல்லுங்க."

"சொல்றேன்மா, ரெண்டையும் சொல்றேன்."

குடித்ததில் ஒரு பங்கைக் குஞ்சு அவன் உள்ளங்கையிலேயே எச்சமாகத் திருப்பிக் கொடுத்தது. அவன் கையை அசைக்கவில்லை.