கோயில் படியில் தட்டிய படகு

படகுக்காரர் பழனியாண்டியைத் தோட்டத்து லய வீட்டுப் பெண்கள் எல்லாரும் "பழனியண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள். நாகலெட்சுமி மட்டும் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க, கொஞ்சம் நில்லுங்க" என்பாள். "இந்தாங்க, அந்த மூட்டையக் கொஞ்சம் தள்ளி வைங்க" என்பாள். ஒரு மனிதரை எத்தனை வருஷத்துக்குத்தான் "இந்தாங்க" என்றே ஓட்டுவாய் என்று அழகம்மா ஒரு தடவை படகில் வைத்தே கேட்டுவிட்டாள். படகு முழுக்கச் சிரித்தது. நாகலெட்சுமி நன்றாகக் கட்டியிருந்த லீக்ஸ் கட்டைப் பிரித்து மறுபடியும் கட்ட ஆரம்பித்தாள். பழனியாண்டி குனிந்து மோட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டரில் ஒரு கோளாறும் இல்லை.

மேமலைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவு லயங்கள் நீர்த்தேக்கத்துக்கு இந்தப் பக்கம். டவுன் அந்தப் பக்கம். ரோட்டால் போவதென்றால் நோட்டன் பிரிட்ஜ் வழியாகச் சுற்றி, பஸ் மாறி, இடுப்பு ஒடிந்துதான் போய்ச் சேர வேண்டும். படகில் ஏறினால் வாயில் போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் டவுன். அதனால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குச் சுற்றுப்பட்ட தோட்டத்து ஆட்கள் எல்லாரும் தண்ணீர் வழியாகத்தான் வருவார்கள். மரக்கறி மூட்டை, கோழி, காஸ் சிலிண்டர், பட்டுச் சீலை கட்டிய மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் என்று டவுன் துறையில் படகுக்குப் படகு இடிக்கும்.

மழைக்காலத்தில் யார் வேண்டுமானாலும் படகு விடலாம். பங்குனியில் விட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீர் இறங்கி, துறைக்கு முன்னால் சேறாகக் கிடக்கும். பெரிய படகுகள் தூரத்திலேயே நின்றுவிடும். சின்னப் படகுகளுக்கு மட்டும் ஒரு வழி உண்டு. அணை கட்டுவதற்கு முன் அங்கே ஓடிய ஆற்றின் பழைய தடம் அது. சேற்றுக்குள்ளே வளைந்து வளைந்து துறை வரைக்கும் போகும். அதன் ஓரத்தில் படகுக்காரர்கள் மூங்கில் கம்பு நட்டு, வெள்ளைத் துணி கட்டிவைப்பார்கள். டவுனுக்குப் போகும்போது துணி வலது கைப்பக்கம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மழை பெய்து சேறு நகர்ந்தால், முதலில் பார்க்கிறவன் கம்பை மாற்றி நடுவான். யார் நட்டது, எப்போது நட்டது என்று எவரும் விசாரிப்பதில்லை. கம்பைக் கண்டால் திரும்ப வேண்டியதுதான். ஒருத்தன் கண்ணை இன்னொருத்தன் நம்பாவிட்டால் அந்தத் தடத்தில் தொழில் செய்ய முடியாது.

பழனியாண்டி அந்தத் தடத்தில் இருபது வருஷமாகப் படகு விடுகிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. போன வருஷம் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் இருக்கிற தம்பி செல்லசாமி, ஒரு ஹார்ட்வெயார் கடையில் அவருக்குக் காவல்காரர் வேலை பார்த்து வைத்துக்கொண்டு, வா வா என்று போனில் கூப்பிட்டபடி இருந்தான். படகை வாங்குவதற்கு நுவரெலியாவில் ஒருவர் இருக்கிறார் என்று துறைக்கு மேலே துணிக்கடை வைத்திருக்கும் ராசிக் நானா சொன்னார். எல்லாம் ஒன்றாகக் கூடிவந்தது. சித்திரைப் புத்தாண்டு முடிந்ததும் போவதென்று பழனியாண்டி முடிவு செய்துவிட்டார்.

போவது கூடப் பரவாயில்லை. "இங்க எனக்குன்னு யாரு இருக்கா?" என்று அவர் படகில் வைத்துச் சொன்னாரே, அதுதான் நாகலெட்சுமியைத் தைத்தது. எதிர்ப்பலகையில் அவள் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவருக்கென்று ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வழக்கம்போல "மிஞ்சிப்போச்சு" என்று பொய் சொல்லிக் கொடுத்தாள். அவரும் வழக்கம்போல நம்பி வாங்கிக்கொண்டார். இப்படி ஒரு மக்கு மனிதர் மேல் போய் மனசை வைத்தோமே என்று அவளுக்கு அழுகை வந்தது.

அவள் புருஷன் செத்துப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. கொழுந்து பறித்தும், வீட்டுக்குப் பின்னால் மரக்கறி போட்டும் மகள் நிலக்ஷியைப் படிக்கவைத்தாள். மகள் இப்போது நுவரெலியாவில் ஒரு கடையில் வேலை. "நீயே கேட்டுரும்மா. அந்த மாமாவா வாயத் தொறந்து கேக்கப் போறதில்ல" என்று போனில் சொன்னவளும் அவள்தான். கேட்கலாம். கொழுந்து நிறுக்கிற இடத்திலும் தண்ணீர் பிடிக்கிற பீலியடியிலும் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதற்குக்கூட நாகலெட்சுமி பயப்படவில்லை. அவர் "அப்படியொண்ணும் நான் நெனைக்கலியே" என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு எந்த முகத்தோடு அவர் படகில் ஏறுவது?

புத்தாண்டுக்கு முந்தின ஞாயிறு வந்தது. படகில் ஆள் நிறைந்திருந்தது. முன்னால் கங்காணி சின்னத்தம்பி, நடுவில் மூட்டைகள், பின்னால் அழகம்மாவும் நாகலெட்சுமியும். படகு வாங்குகிறவர் நுவரெலியாவிலிருந்து வந்து துறையில் நிற்பதாகச் செய்தி. பழனியாண்டி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். விற்கப் போகிற படகைக் காலையிலேயே கழுவித் துடைத்திருந்தார்.

சேற்றுவெளி ஆரம்பித்ததும் மோட்டரைத் தூக்கிவிட்டு, கழியை எடுத்து ஊன்ற ஆரம்பித்தார். முன்னால் ஒரு படகும் இல்லை, பின்னால் ஏழெட்டு. போன கிழமை பெய்த மழையில் தண்ணீர் கொஞ்சம் ஏறி, எது தடம் எது மேடு என்று தெரியாமல் ஒரே கலங்கலாக இருந்தது. வலது பக்கத்தில் துணி கட்டிய கம்பு ஒன்று புதிதாகத் தெரிந்தது. பழனியாண்டி அதை ஒட்டிப் படகைத் திருப்பினார்.

அடியில் கல் உரசும் சத்தம். படகு ஒரு குலுக்குக் குலுங்கி நின்றுவிட்டது. ஒரு கோழி கத்தியது. அழகம்மா "ஆத்தா மாரியாத்தா" என்று பக்கத்தில் இருந்தவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பழனியாண்டி கழியை ஊன்றிப் பார்த்தார். டக்கென்று கல்லில் பட்டது. "பழைய கோயில் படி" என்றார்.

அணை கட்டும்போது தண்ணீருக்குள் போன மாரியம்மன் கோயில் அது. சாமியை மேலே கொண்டுபோய் வேறு கோயில் கட்டிவிட்டார்கள். இருந்தாலும் ஆத்தாவின் சக்தி பழைய இடத்தில்தான் என்று நம்புகிற பெண்கள் உண்டு. தண்ணீர் இறங்கிப் படி தெரிகிற மாதங்களில் வந்து சூடம் கொளுத்திவிட்டுப் போவார்கள்.

நாகலெட்சுமி கம்பைப் பார்த்தாள். அதில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள். மூன்று முடிச்சு. மூன்றும் அவள் போட்டது.

பங்குனி உத்திரத்துக்கு முன்னால், சந்தை முடிந்து படகுக்குக் காத்திருந்த நேரத்தில், காய்ந்த சேற்றில் நடந்து தன்னந்தனியாக அவள் இங்கே வந்திருந்தாள். மஞ்சளில் நனைத்த துணியை நேர்ந்து கட்டுவதற்குத் தூணோ மரமோ இருக்கவில்லை. கீழே கிடந்த மூங்கில் கம்பு ஒன்றை எடுத்துப் படிக்கல் இடுக்கில் இறுக்கி, அதில் கட்டினாள். 'அவரப் போகவிடாத ஆத்தா. அவர் நின்னுட்டா இந்தப் படியிலயே பொங்க வைக்கிறேன்' என்று வேண்டிக்கொண்டாள். மூன்றாவது முடிச்சைப் போடும்போது அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. மஞ்சள் சாயம் வெயிலுக்கு நிற்காது என்பது துணி துவைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அன்றைக்குத்தான் அது ஞாபகத்துக்கு வரவில்லை. துணி வெளுத்து, படி தண்ணீருக்குள் போய், அவளுடைய நேர்த்திக்கடன் இப்போது படகுக்காரர்களுக்கு வழி காட்டிக்கொண்டு நின்றது.

பின்னால் படகுகள் வந்து முட்டிக்கொண்டு நின்றன. "என்ன பழனி, கோயில்ல பொங்க வைக்கிறியா?" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் சிங்களத்தில் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பழனியாண்டியின் சட்டைப்பையில் போன் அடித்தது. ராசிக் நானா. "ஆள் வந்து நிக்கிறாரு, எங்க இருக்கீங்க பழனி?" என்று அவர் கேட்டது எல்லாருக்கும் கேட்டது.

"தட்டிப்போச்சு நானா. கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க."

போனைச் சட்டையோடு கழற்றிச் சின்னத்தம்பி கையில் கொடுத்துவிட்டு, தண்ணீரில் இறங்கினார். படியில் முழங்காலளவு தண்ணீர்தான். படகைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை.

"இருவது வருசத்துல ஒரு நாளு தட்டினதில்ல" என்றார், யாரிடம் என்றில்லாமல். "கோயில் படி எங்க கெடக்குன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். அப்படியும் கொண்டாந்து ஏத்திட்டேன். இனி நமக்கு இந்தத் தொழில் சரிவராது. இன்னைக்கே படகக் குடுத்துட்டு, நாளைக்கே கௌம்பிர வேண்டியதுதான்."

நாளைக்கே என்கிறார். ஆத்தாவிடம் நிறுத்தி வை என்று கேட்டால், இப்படியா நிறுத்துவாள்? சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் இந்த மனிதர் தன் கண்ணையும் கையையும் குற்றம் சொல்லிக்கொண்டே, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வத்தளைக்குப் போய்விடுவார். அந்தத் தொங்கிய தலையைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

"இந்தாங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"உங்க மேல தப்பில்ல. அது வழிக்கம்பு இல்ல. நேந்துக்கிட்டு நான்தான் கட்டினேன். மஞ்சத்துணி. வெயில்ல வெளுத்துப்போச்சு."

படகில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "என்னடி நேந்துக்கிட்ட?" என்று அழகம்மா கேட்டாள். கேட்க வேண்டியவர் கேட்காமல் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

நாகலெட்சுமி அழகம்மாவைப் பார்த்தே பதில் சொன்னாள். "அவரு போகக்கூடாதுன்னு."

இந்த முறை படகு சிரிக்கவில்லை. பழனியாண்டி ஒரு கையால் படகு விளிம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அத்தனை வருஷத்து ரொட்டியும் அப்போதுதான் அவருக்குக் கணக்கில் வந்ததோ என்னவோ, கண் கலங்கிவிட்டது.

சின்னத்தம்பி கங்காணிக்கு இதெல்லாம் பிடிபட நேரமாகும். "சரி சரி, மொதல்ல அந்தக் கம்பப் பிடுங்குங்க. பின்னால வர்றவனும் வந்து ஏத்துவான்" என்றார்.

"பிடுங்காதீங்க!" நாகலெட்சுமி பாதி எழுந்துவிட்டாள். "நேந்து கட்டினது. பலிக்காம அவுக்கக் கூடாது."

"அப்ப எல்லாப் படகும் வந்து முட்டட்டுமா?"

தொழில்காரர்கள் பேச்சும் நியாயம்தான், ஆத்தாவிடம் கொடுத்த வாக்கும் வாக்குதான். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு தலை குனிந்தாள்.

"பலிச்சா அவுக்கலாமா?" என்று பழனியாண்டி கேட்டார்.

"பலிச்சா அவுக்கலாம்."

"யாரு அவுக்கணும்?"

"கட்டினவங்கதான்."

அவர் கம்பைப் பார்த்தார். தூரத்தில், துறை மேட்டில், ராசிக் நானாவுக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட ஓர் ஆள் நின்றது தெரிந்தது. அந்தப் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி, படகை நோக்கிக் கையை நீட்டினார்.

"அப்ப எறங்கி வா" என்றார்.

நாகலெட்சுமி செருப்பைப் படகிலேயே கழற்றி வைத்தாள். தண்ணீருக்குள் இருந்தாலும் கோயில் படி கோயில் படிதானே. சீலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மற்றக் கையை அவர் கையில் கொடுத்து இறங்கினாள். தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்தது. இரண்டு பேரும் கம்படியில் போய் நின்றார்கள். துணி மழையிலும் வெயிலிலும் கிடந்து, முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், ஒரு முடிச்சுக்கூட நெகிழவில்லை. பின்னால் ஏழெட்டுப் படகுகள் ஒரே நேரத்தில் கத்தின. சின்னத்தம்பி கையில் இருந்த போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவளுக்குப் பதற்றத்தில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பழனியாண்டி கம்பு ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா அவுத்தாப் போதும் நாகலெச்சுமி" என்றார். "எனக்கு எங்கயும் போற அவசரம் இல்ல."