தடைகள்: விரைவில் அறிவிக்கப்படும்

1

இந்தக் கதை எனக்கு இன்னொருவர் கைப்பேசியில் கிடைத்தது. கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் தன் தங்கையிடம் எதையோ காட்டிச் சிரித்தாள். எட்டிப் பார்த்தேன். ஒரு கிறிஸ்தவக் கோவிலின் இணையதளம். மேலே ஒரு மணமகன், மணமகள் பெயர். கீழே 'தெரிவிக்கப்பட்ட தடைகள்' என்று தலைப்பு. அதற்கும் கீழே: 'விரைவில் அறிவிக்கப்படும். ஆவலுடன் காத்திருங்கள்!'

நானும் சிரித்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் அந்த மணமகளை நினைத்தேன். அதற்குள் மனத்தில் முதல் வரி எழுதி முடித்திருந்தேன். அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

2

அந்த முதல் வரி: 'ஜெரின் வெட்கத்துடனேயே பிறந்தவன்.'

(இல்லை. எல்லாரையும் போலத்தான் பிறந்தான்.)

வேறு தொடக்கம்: கள்ளக்குறிச்சியில் வெப்சைட் செய்து பிழைக்கும் ஜெரின், தன் பங்குக் கோவிலுக்கு ஒன்றை இலவசமாகச் செய்து கொடுத்தான்.

இது பரவாயில்லை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. பெங்களூரிலும் துபாயிலும் இருக்கும் சொந்தங்கள் பார்க்கட்டும் என்று, ஓலையை இணையதளத்திலும் போடச் சொன்னார் பங்குத்தந்தை. தடைகளுக்குத் தனியாக ஓர் இடம் என்பது மட்டும் ஜெரினின் சொந்த யோசனை. சோதித்துப் பார்க்க அவனே இரண்டு தடைகளை எழுதினான். மாப்பிள்ளை குறட்டை விடுவார். பெண்ணுக்கு ரசம் வைக்க வராது. இரண்டும் வரிசையாக, அழகாக வந்தன. அழித்துவிட்டு டீ குடிக்கப் போனான்.*

* இப்படிப்பட்ட பக்கத்துக்கான நிரலில் ஒரு சுற்று (லூப்) எழுதுவார்கள்: இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டு. அதன் கீழே இன்னொரு வரி: ஒன்றுமே இல்லையென்றால் இதைக் காட்டு. ஜெரின் அந்தச் சுற்றைத் திருவிழா நிகழ்ச்சிப் பக்கத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினான். திருவிழாவுக்காக எழுதிய 'விரைவில் அறிவிக்கப்படும்' என்ற இரண்டாவது வரியை மாற்ற மறந்துவிட்டான். இருக்கும்போது எப்படித் தெரியும் என்றுதான் பார்த்தான். இல்லாதபோது பார்க்கவேயில்லை.

3

முதலில் ஏறிய ஓலை எஸ்தருடையது. அவளுக்கு முன்பே ஒரு முறை நிச்சயமாகி நின்றுபோயிருந்தது. இப்போது பார்த்திருக்கும் மாப்பிள்ளை ஜானின் தாய்மாமன் சின்னப்பன், மூங்கில்துறைப்பட்டிலிருந்து அவளுடைய அம்மாவுக்குப் போன் போட்டார்.

"இன்னாம்மா, எங்ககிட்ட மறச்சிக்கினு கீறீங்க? இன்னா தடை வரப் போவுது? முன்னாடியே சொன்னா நாங்க துணியாவது எடுக்காம இருப்போம்ல?"

விஷயம் தெரிந்ததும் ஜெரின் உடனே அந்த வரியை மாற்றினான். 'தடை எதுவும் இல்லை.' அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"நேத்து இருந்துச்சு, இன்னிக்கு தூக்கிட்டாங்க பாரு. ஆளப் புடிச்சி அமுக்கிட்டாங்க போல" என்றார் சின்னப்பன். "மூணாவது ஓலைக்கு நானே வர்றேன். காதால கேட்டுட்டு முடிவு பண்ணிக்கலாம்."

4

எஸ்தர் ஜெரினைத் தேடி வந்தாள். கதவில் சாய்ந்து அழுதாள். அழுதபடியே அவள் தன்

(வேண்டாம். நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் இந்த இடத்தில் பனி பெய்யும். இங்கே கரும்புச் சோகை கொளுத்திய கரிதான் பறக்கும். எஸ்தர் அழவில்லை. சுடிதாரில் விழுந்த கரியைத் தட்டிக்கொண்டே பேசினாள்.)

"ஏன்டா, என் கல்யாணத்துக்குத் தடை வரப்போவுதுன்னா உனக்குத்தான் மொதல்ல சேதி வருமா?"

"அக்கா, அது... திருவிழா பக்கத்துல இருந்து..."

"ஓ. அப்ப வாணவேடிக்கை எத்தினி மணிக்கு?"

அவன் கீபோர்டில் படிந்திருந்த தூசியையே பார்த்தான்.

"மாப்பிள்ளையோட மாமாகிட்ட நானே போய்ச் சொல்றேங்க்கா."

"தனியாச் சொன்னா நாங்க சொல்லிக் குடுத்ததும்பாங்க. ஊரே பார்த்துச்சில்ல? ஊருக்கு முன்னாடி சொல்லு. ஞாயித்துக்கெழம, ஓலை படிச்ச ஒடனே. ஃபாதர்கிட்ட கேட்டுட்டேன்."

"சரிங்க்கா."

இன்னொன்றும் சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் போனாள். (என்னவென்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவள் இவனை மன்னித்துவிட்டாள். அதை அவளுக்குப் பதிலாக நான் செய்யக் கூடாது என்று அடித்துவிட்டேன்.)

5

மூன்றாவது ஓலையின் ஞாயிற்றுக்கிழமை. கோவிலில் ஆண்கள் பக்கம், முன்வரிசையில் சின்னப்பன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கம் முக்காட்டுக்குள் எஸ்தர். ஃபாதர் ஓலையை வாசித்து முடித்தார்.

"இவர்களின் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போது சொல்லலாம்."

மின்விசிறிகள் மட்டும் சுற்றின. ஜெரினுக்கு 'சரிங்க்கா' என்றபோது தோன்றாதது இப்போதுதான் உறைத்தது. இந்தக் கேள்விக்குப் பிறகு எழுந்திருப்பவன் எதற்கு எழுந்திருக்கிறான் என்று கோவிலில் எல்லாருக்கும் தெரியும். அவன் வாயைத் திறப்பதற்குள், சின்னப்பன் திரும்பிப் பார்ப்பதற்குள், எஸ்தரின் அம்மாவுக்கு உயிர் போய்விடும். எழுந்திருக்காவிட்டால், ஊர் பார்த்த அந்த வரி ஊர் மனத்தில் அப்படியே நிற்கும். எஸ்தர் திரும்பி அவனைப் பார்த்தாள்.

முடிவு ஒன்று: அவன் எழுந்து சொல்கிறான், கோவிலே சிரிக்

முடிவு இரண்டு: அவன் எழுந்ததுமே சின்னப்பன் வெளியே

முடிவு மூன்று: 

என்னிடம் முடிவு எதுவும் இல்லை. 'விரைவில் அறிவிக்கப்படும்' என்றும் இங்கே எழுத மாட்டேன்.

ஜெரின் பாதி எழுந்துவிட்டான். அவன் பெஞ்சின் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறான். ஓரத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவன் வெளியே வர வேண்டுமானால், நீங்கள் முழங்காலை ஒதுக்க வேண்டும்.