வெண்ணெய்க்கால்

பஸ் டிப்போவில் அவருக்கு வெண்ணெய்க்கால் என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைப் பிடிக்க வேண்டாம், மடியில் நிறைகுடம் வைத்திருந்தாலும் தளும்பாது என்று கண்டக்டர்கள் சொல்வார்கள். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மனிதன் எதில் கர்வப்படுகிறானோ அதில்தான் விதி கைவைக்கும் என்பார்கள். அவர் விஷயத்தில் அது வலது காலின் அடியில், பெருவிரலுக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு புண்ணாக வந்து உட்கார்ந்தது.

சர்க்கரை அவருக்குப் பழைய கூட்டாளி. மாத்திரை போட்டுக்கொள்வார், மறுநாளே மறந்தும் போவார். புண் மாதக்கணக்கில் ஆறாமல் அடம்பிடித்தபோது, ஜெராக்ஸ் கடைக்கு லீவு சொல்லிவிட்டு மனைவிதான் அவரைப் பெரிய ஆஸ்பத்திரியின் கால் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அந்தப் பிரிவுக்குப் போகிற நடை முழுக்க பெஞ்சுகள். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஒரு காலை எதிர்ப் பெஞ்சில் நீட்டி வைத்திருந்தார்கள். ஒருவர் மடியில் டிபன் பாக்ஸ் மாதிரி ஒரு மெஷின். அவர் காலிலிருந்து வந்த குழாய் வழியாகப் புண்ணின் நீரை உறிஞ்சி உறுமிக்கொண்டிருந்தது. இன்னொருவரின் கணுக்காலைச் சுற்றி இரும்பு வளையங்கள். வளையத்திலிருந்து கம்பிகள் நேராகத் தோலுக்குள் போயின.

"பார்த்தியா, காலுக்கு வளையல்" என்றார் வெண்ணெய்க்கால், மனைவியின் காதில்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் தன் காலை அடுத்தவர் வைத்துவிட்டுப் போன மூட்டையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே டாக்டரம்மா இருந்தார். அவர் பேச்சில் தயவு உண்டு, தேன் கிடையாது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"புண்ணை மட்டும் பார்த்துட்டு விட முடியாது சார். கணுக்கால் எலும்பு லேசா நகர ஆரம்பிச்சிருக்கு. வலி தெரியுற காலா இருந்தா நீங்களே பார்த்துப் பதமா நடப்பீங்க. புண்ணைச் சுத்தம் பண்ணி, தோதா ஒரு செருப்பு கொடுத்து அனுப்பிடலாம். வலி தெரியாத காலா இருந்தா, எலும்பு நொறுங்குற வரைக்கும் நடப்பீங்க. அப்போ கணுக்காலைத் திறந்து கம்பி போட்டுப் பூட்டித்தான் ஆகணும்."

"பூட்டினா?"

"பூட்டினா பூட்டினதுதான். மடங்காது. வண்டியை மறந்துடணும். பூட்டாம விட்டா..." டாக்டரம்மா முழங்காலுக்குக் கீழே காற்றில் ஒரு கோடு இழுத்தார்.

கட்டில் மாதிரி நீளும் நாற்காலியில் அவரைப் படுக்க வைத்தார்கள். மனைவி தலைமாட்டில் நின்று அவர் தோளில் கை வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா பேனா போன்ற பிடியில் செருகிய, விறைப்பான ஒரு நைலான் நூலை எடுத்தார்.

"கண்ணை மூடிக்கங்க. அங்கங்க தொடுவேன். தொடுறது தெரிஞ்சா 'ம்' சொல்லுங்க. அவ்வளவுதான்."

நூல் குதிகாலில் பட்டு வளைந்தது. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நூல் விலகி, நடுப்பாதத்தில் மறுபடி பட்டது. பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு நெஞ்சு பதறி, விரல்கள் தாமாகவே அவர் தோளை இறுக்கின.

"ம்" என்றார் அவர்.

அவளுக்கு உயிர் வந்தது. அடுத்த முறை நூல் பட்டபோதும் கை இறுகியது. "ம்." அதற்கடுத்தும் "ம்". கடைசியில் டாக்டரம்மா நூலை வைத்துவிட்டு, "முதல்ல ஒண்ணை விட்டுட்டீங்க, மத்ததெல்லாம் சரி. அடுத்த தடவை பார்க்குற வரைக்கும் லீவு போடுங்க" என்றார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே தண்ணீர்க் குழாயடியில் நின்று அவர் சொன்னார். "உன் கை இருக்கே, கெட்டிக்காரக் கை. கரெக்டா அமுக்கினே."

அவளுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் குழாயை மூடிவிட்டு அவர் காலைப் பார்த்தாள்.

"அப்போ உங்களுக்கு... கால்ல ஒண்ணுமே..."

"மெல்லப் பேசு."

"ஏங்க, இது விளையாட்டா? போய்ச் சொல்லிடலாம், வாங்க."

"சொல்லு. சொல்லிட்டு வா. அப்புறம் நான் ஜன்னல்கிட்ட உட்கார்ந்து போற வர்ற பஸ்ஸை வேடிக்கை பார்க்குறேன். எத்தனை வருஷம்னு அந்த டாக்டரம்மாகிட்டயே கேட்டுட்டு வா."

அவர் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் பார்க்காத பயம். கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பாள். பயந்த மனிதனோடு எப்படிச் சண்டை போடுவது? அவள் திரும்பிப் போகவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவள்தான் புண்ணுக்குக் கட்டு மாற்றினாள். உப்புநீர் ஊற்றிக் கழுவி, காஸ் துணியை நாடாவாக நறுக்கிக் குழிக்குள் வைக்க வேண்டும். அவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு செய்திகளுக்குக் கிண்டல் சொல்லிக்கொண்டிருப்பார். அவள் இடுக்கியால் துணியைத் திணிப்பாள். முதல் வாரங்களில் கொஞ்சம் துணி போதுமாக இருந்தது. பிறகு திணிக்கத் திணிக்க உள்ளே போய்க்கொண்டே இருந்தது. வெளியே பார்த்தால் சட்டைப் பொத்தான், உள்ளே சட்டைப் பை. அவ்வளவு ஆழத்தில் துணியைத் தள்ளும்போதுகூட அவர் பேப்பரின் பக்கத்தைத் திருப்புவார், அடுத்த கிண்டலுக்குப் போவார்.

கட்டு முடிந்ததும் இரண்டு கணுக்கால்களிலும் கை வைத்துப் பார்ப்பாள். இடதில் ஒன்றும் இருக்காது. வலதில் ஜுரம் கண்ட குழந்தையின் நெற்றிச் சூடு. அவர் எழுந்து நடந்தால், ஒவ்வொரு அடிக்கும் மணலை மிதித்த மாதிரி ஒரு நறநறப்பு.

"என்னங்க சத்தம் அது?"

"தரையைப் பெருக்கினியா இன்னைக்கு?" என்பார்.

ஒருநாள் உச்சி வெயிலில் முடிதிருத்தும் கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். வாசலில் நின்றவரை அவள் மேலும் கீழும் பார்த்தாள். இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் இல்லை.

"என்ன, கிராப்பு நல்லா இல்லையா?"

"செருப்பு எங்க?"

அவர் குனிந்து பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார். "நடுவுல எங்கயாவது கழண்டிருக்கும்" என்றார், குடையைத் தொலைத்தவர் போல.

தார் ரோட்டில் அந்த வெயிலுக்கு நாய்கூட நடக்காது. அவரை உட்கார வைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். குதிகால் முழுக்கக் கொப்புளம். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போலப் பறக்கிறார்கள் என்று சொல்வோம். இவர் காலில் நிஜமாகவே கொட்டினாலும் நிதானமாக உட்கார்ந்து என்ன சமையல் என்று கேட்பார். அவள் அழுதாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்து, "கொப்புளம்தானே, அடுத்த வாரம் ஆறிடும்" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டாம் முறை போனபோது அவள் தெரிந்தேதான் அமுக்கினாள். இதை மறைத்துச் சொல்வதற்கில்லை. போகும் வழியெல்லாம் கூடாது, கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனவள், கண்ணை மூடிய அந்த முகம் தன் கையை நம்பிப் படுத்திருந்ததைப் பார்த்ததும் இளகிவிட்டாள். ஒவ்வொரு தொடுகைக்கும் ஒரு அமுக்கு, ஒவ்வொரு அமுக்குக்கும் ஒரு "ம்". இந்தத் தடவை ஒன்றுகூடத் தவறவில்லை.

டாக்டரம்மா நூலைக் கையில் வைத்துக்கொண்டே புண்ணை இன்னொரு முறை குனிந்து பார்த்தார்.

"புண் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. இதுவரைக்கும் பொய் சொல்ற புண்ணை நான் பார்த்ததில்லை."

"என் புண் கொஞ்சம் போக்கிரி டாக்டரம்மா" என்றார் வெண்ணெய்க்கால். கட்டுப்போடும் நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. இருந்தாலும் கணுக்காலுக்குப் பட்டையும், அடி தடித்த செருப்பும் கொடுத்து, கவனமாக இருப்பதானால் வேலைக்குப் போகலாம் என்றார். அவர் என்ன செய்வார்? கையில் இருந்தது நூல். நூல் சொன்னதைத்தான் அவர் கேட்க முடியும்.

டிப்போவில் மாலை போடாத குறையாக வரவேற்றார்களாம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே முகம் கழுவினார். அந்தப் பாட்டைக் கேட்டபோது, செய்தது சரிதானோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

சில நாள் கழித்து ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லையென்று சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். ஸ்டாப்பில் வந்து நின்றது அவர் பஸ். அவள் ஏறி முன்சீட்டில், அவருக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். அவர் ஒரு கண் சிமிட்டினார். அவளுக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

முதல் ஸ்டாப் நெருங்கியபோது அவர் தலை சட்டென்று கீழே குனிந்து நிமிர்ந்தது. எதையோ கீழே போட்டுவிட்டார் என்று நினைத்தாள். அடுத்த ஸ்டாப்பிலும் குனிந்து நிமிர்ந்தது. அதற்கடுத்த ஸ்டாப்பில் அவள் அவர் கண் போகிற திக்கைப் பார்த்தாள். அவர் தன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எந்தப் பெடல் மேல் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். ரோட்டைப் பார்க்க வேண்டிய கண் காலைத் தேடிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பஸ் நிறைய மனிதர்கள் உட்கார்ந்தும் நின்றும் அரட்டையடித்தபடி வந்தார்கள்.

மார்க்கெட் திருப்பத்தில் ஒரு பெண் இடுப்பில் கூடையோடு ரோட்டில் இறங்கினாள். குனிந்து பார்க்க நேரமில்லை. கால் மிதித்தது. ஒரு கண்ணிமைக்கும் நேரம், நிற்க வேண்டிய பஸ் நிற்காமல் உறுமியது. பிறகுதான் பிரேக் விழுந்தது. நின்றவர்கள் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். கூடைக்காரி பஸ்ஸின் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்று வாயில் வந்தபடியெல்லாம் திட்டினாள். திட்டுவதற்கு அவள் இருக்கிறாளே என்று டிரைவரின் மனைவி கை கூப்பினாள்.

"என்னப்பா, வெண்ணெய் கட்டியாயிடுச்சா?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார். பஸ்ஸே சிரித்தது.

கடைசி ஸ்டாப்பில் இறங்கி அவர் அவளிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "பிரேக் கொஞ்சம் பிடிப்பு கம்மி. மெக்கானிக்கிட்ட சொல்லணும்."

அவளுக்காகச் சொல்கிற சமாதானம் என்றால் பரவாயில்லை. அதை அவரே நம்பினார். அதுதான் அவளைக் கலக்கியது.

மூன்றாம் முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நடையில் இரும்பு வளையக்காரர் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது. வெண்ணெய்க்கால் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். படுத்ததும் தாமாகவே கண்ணை மூடிக்கொண்டு, "வாம்மா" என்றார். அவள் தலைமாட்டில் போய் நின்றாள். தோளில் கை வைத்தாள். சட்டைக்கு உள்ளிருந்து தோளின் சூடு வந்தது. அது நல்ல சூடு.

நர்ஸ் கட்டைப் பிரித்தாள். உள்ளே இருந்த துணியை இழுத்தாள், இழுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் வந்த துணி பழுப்பாக இருந்தது. நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாடை தலைமாட்டில் நின்றவள் வரைக்கும் வந்தது.

டாக்டரம்மா இந்தத் தடவை நூலை எடுக்கவில்லை. தட்டிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை எடுத்தார். முனை மழுங்கியது. பேசாமல் அதைப் புண்ணின் வாயில் வைத்து உள்ளே விட்டார். கம்பி போயிற்று. நின்றுவிடும் என்று அவள் நினைத்த இடத்தையும் தாண்டிப் போயிற்று.

அவள் விரல்கள் துடித்தன. ஒரு அமுக்கு போதும். அவர் "ம்" என்பார், பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார், நாளைக்கு மார்க்கெட் திருப்பத்தில் இன்னொருத்தி ரோட்டில் இறங்குவாள். கை கொடுத்தவளே காலை வாரிவிட்டாள் என்று அவர் ஆயுசுக்கும் சொல்லலாம். சொல்லட்டும். அதற்கும் அவர் இருக்க வேண்டும், அவருக்கு ஆயுசும் வேண்டும். அவள் விரல்களை அசையாமல் வைத்துக்கொண்டாள். கோழிக்குஞ்சைப் பிடித்திருப்பது போல வைத்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து "டக்" என்று ஒரு சத்தம் வந்தது. கரண்டி கல்லில் பட்டது போல. கம்பி எலும்பைத் தொட்டுவிட்டது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டாக்டரம்மா அதே இடத்தில் இன்னொரு முறை தட்டினார். "டக்."

வெண்ணெய்க்கால் கண்ணை மூடியபடி, லேசான புன்னகையோடு காத்திருந்தார்.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு தோளில் இருந்த கையைப் பார்த்தார். அதை வெகுநேரம் பார்த்தார். டாக்டரம்மா எல்லாவற்றையும் புரிந்துகொண்டது அவளுக்குத் தெரிந்தது. கம்பி இன்னும் உள்ளேதான் இருந்தது.

வெண்ணெய்க்கால் கையைத் தூக்கி, தோளில் இருந்த மனைவியின் கையைத் தேடிப் பிடித்து, தூங்குகிறவரை எழுப்புவது போல இரண்டு தட்டுத் தட்டினார்.

"நான் ரெடி. ஆரம்பிங்க டாக்டரம்மா" என்றார்.

நர்ஸ் தட்டை மெல்ல மேஜை மேல் வைத்தாள்.

"ஆரம்பிச்சு முடிச்சுட்டாங்க" என்றாள் மனைவி.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை.