ஒரு தீக்குச்சித் தடிமன்

ரயில் மறுபடியும் அதே இடத்தில் நின்றது. ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி, என் செருப்பைவிடக் கொஞ்சம் சிறியது, மேலே மஞ்சள், கீழே கருஞ்சிவப்பு. சுரங்கத்திலிருந்து வெளியே வந்து ஓசாக்கோ வளைவில் திரும்பியது. மலையைத் தாங்கும் சுவரின் நடுப்பகுதியில் விலாவை உரசிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. மோட்டார் உறுமியது, சக்கரங்கள் வெறுமனே சுழன்றன. ஓகிமோதோ மின்சாரத்தை அணைத்துவிட்டுக் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"உன் சுவர் தப்பு," என்றார்.

தப்பாக இருக்க வழியில்லை என்று சொன்னேன். அவர் வண்டியைத் தூக்கித் துடைத்தார். விலாவில் வெள்ளையாக ஒரு கீறல் விழுந்திருந்தது.

கமிஷிராதோ நிலையத்தில் சரக்கு வருவது நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது. அந்தச் சரக்கு அறையில்தான் இளவேனிலிலிருந்து இந்த வேலை நடந்தது. ஷிராதோ பாதை இனி ஓட வேண்டுமா என்று முடிவு செய்ய மாகாணத்திலிருந்து ஒரு குழு அக்டோபரில் வருவதாக இருந்தது. பயணிகள் கணக்கைக் காட்டி அவர்கள் மனதை மாற்ற முடியாது என்று ஊராட்சிக்குத் தெரியும். பாதையையே சின்னதாகச் செய்து காத்திருப்பு அறையில் வைத்தால் ஒருவேளை மாறும் என்று நினைத்தார்கள். ஓகிமோதோ செயற்கைப் பல் செய்கிறவர். சுண்ணச்சாந்தில் அவர் கை பிசகாது. பொம்மை ரயிலில் சிறு வயதிலிருந்தே பைத்தியம். நான் நகரத்தில் பெட்டிச் சாப்பாட்டுத் தொழிற்சாலையில் இரவு வேலையை விட்டுவிட்டு வந்து அக்கா வீட்டில் சும்மா கிடந்தவன். அதற்கு முன்னால் கல்லூரியையும் அப்படித்தான் விட்டேன். சும்மா கிடப்பவனுக்கு வேலை கொடுப்பதை இந்த ஊர் ஒரு கடமையாகவே வைத்திருக்கிறது.

மாதிரி செய்பவர்கள் முதலில் ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பார்கள். எந்த வருடம், எந்தப் பருவம் என்று முடிவு செய்த பிறகுதான் மரத்துக்கு நிறம், கூரைக்குத் துரு, கடைக்குப் பெயர்ப்பலகை. நாங்கள் அதைப் பேசவேயில்லை. அவர் ஓசாக்கோவுக்கு மேல் பாதியைக் கம்பெனியின் பழைய வரைபடங்களை வைத்துச் செய்தார். அவருடைய நாள் பாதை திறந்த அந்த இலையுதிர் காலம். கீழ்ப்பாதியை நான் இந்தக் கோடையில் எடுத்த படங்களை வைத்துச் செய்தேன். தண்டவாளப் பராமரிப்பு நாளில் மூங்கில் கழியோடு போய் எல்லாவற்றையும் நானே அளந்தேன். இரண்டு பாதிகளும் ஓசாக்கோ சுவரில் சந்தித்தன.

ஓகிமோதோ தன் வரைபடத்தைச் சுருக்கி வெட்டிக்கொண்டுவந்து என் சுவரின்மேல் படுக்கவைத்தார். இரு முனைகளும் சரியாகப் பொருந்தின. நடுவில் மட்டும் என் சுவர் வெளியே தள்ளியிருந்தது, சாப்பிட்டு எழுந்தவன் வயிறுபோல. எவ்வளவு என்று ஒரு தீக்குச்சியை வைத்துப் பார்த்தார். குச்சி இடைவெளியில் கச்சிதமாக உட்கார்ந்தது. மாதிரியில் தீக்குச்சித் தடிமன் என்றால் மலையில் கிட்டத்தட்ட ஒரு சாண்.

"வளைவை நாம குறுக்கியிருக்கோம்ல, அதான் உரசுது," என்றார். மாதிரி செய்பவர்கள் எல்லோரும் எப்போதும் சொல்லும் பதில் அது. அறைக்குள் ஒரு மலையைக் கொண்டுவர வேண்டுமானால் வளைவுகளைக் குறுக்கித்தான் ஆகவேண்டும். ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, குச்சியைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த நாள் காலை வண்டியில் ஓட்டுநருக்குப் பின்னால் நின்றுகொண்டு போனேன். ஓட்டியவர் என் அக்கா சுமியேயின் கணவர், இசாவோ அத்தான். நடத்துநர் இல்லாத வண்டி. பள்ளிக்கூடத்துப் பெண்கள் நாலைந்து பேர் தூங்கி வழிந்தார்கள். மருத்துவமனைக்குப் போகும் கிழவர் ஒருவர் பையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லா ஓட்டுநர்களையும்போல அத்தானும் வெள்ளைக் கையுறை போட்ட விரலை நீட்டி ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். சிக்னல், சரி. வேகம், சரி. கதவு, சரி. பாலத்தைத் தாண்டி வளைவு வந்ததும் வண்டி மெதுவானது. ஓசாக்கோவில் சிக்னல் கிடையாது, வேகப் பலகையும் கிடையாது. அத்தானின் விரல் இடப்பக்கமாக உயர்ந்தது.

"சுவர், சரி," என்றார்.

அந்தக் குரல் மற்றவற்றுக்குச் சொன்னதுபோலவே தட்டையாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி கண் விழிக்காமலே தலையைக் கண்ணாடியின் மறுபக்கம் சாய்த்துக்கொண்டாள். அந்த இடத்தில் வண்டி குலுங்கும் என்று அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

அன்று மாலை கொல்லையில் அத்தான் குழாயடியில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன், சுவரைக் கைகாட்டச் சொல்லி விதி இருக்கிறதா என்று.

"ராத்திரி வேலைய விட்டாலும் விட்ட, பகல்ல எதையும் பார்க்காம விடமாட்டேங்குற," என்றார். அக்கா சமையலறையில் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். "எப்பலேருந்துன்னு கேக்காத. எனக்கே தெரியாது. ஒருநாள் கை தானா போச்சு."

"மேலிடத்துக்குச் சொல்லலையா, அத்தான்?"

"சொன்னா நிறுத்துவாங்க. பக்கத்துப் பள்ளத்தாக்குல நிறுத்துனாங்களே, பார்த்தியா?"

பார்த்திருக்கிறேன். மண் சரிந்தது என்று அங்கே நிறுத்தினார்கள். 'தற்காலிக நிறுத்தம்' என்று நிலையக் கதவில் ஒட்டிய தாள் வெளுத்து எழுத்துகூடத் தெரியவில்லை. தண்டவாளத்தைக் கொடி மூடிவிட்டது. நடைமேடையில் யாரோ வெங்காயம் காயப்போடுகிறார்கள். இந்தப் பக்கத்தில் பாதையை யாரும் மூடுவதில்லை. மலை நிறுத்துகிறது, பிறகு யாரும் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

"நான் ஓட்டுறவரைக்கும் பார்த்து ஓட்டுவேன்," என்றார் அத்தான். "இன்னொருத்தன் ஓட்டினா பார்க்கமாட்டான்."

"ஒருநாள் சரின்னு சொல்ல வாய் வரலைன்னா?"

அவர் பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார். "வாய் வரலைன்னா கை பிரேக்குல இருக்கும்."

அக்கா வந்து, இரண்டு சோம்பேறிகளும் குளித்தால்தான் சாப்பாடு என்றாள்.

நான் சரக்கு அறைக்குப் போய் படங்களை மறுபடியும் எடுத்துப் பரப்பினேன். சுவரில் வரிசையாக ஓட்டைகள் உண்டு, மலைக்குள் இறங்கும் தண்ணீர் வெளியே வடிவதற்கு. ஓகிமோதோ வைத்திருந்த பழைய புகைப்படங்களில் ஒவ்வொரு ஓட்டைக்குக் கீழேயும் கண்மை கரைந்ததுபோல நீண்ட கறை இருந்தது. அந்தக் கறைகள் அழகாக இருந்ததால் என் சுவரிலும் அப்படியே வரைந்திருந்தேன். நான் ஆகஸ்டில் எடுத்த படங்களில், அதுவும் பெருமழைக்கு மறுநாள் எடுத்தவற்றில், ஓட்டைகள் காய்ந்து கிடந்தன. கறையின் மேல் சாம்பல் நிறத்தில் பாசி உதிர்ந்திருந்தது. மழை உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. அது எங்கே இருக்கிறது என்று யோசிக்கப் பொறியாளராக இருக்கவேண்டிய அவசியமில்லை.

ஆனால் ஊராட்சி அலுவலகத்தில் கிஷிகாமி முதலில் அதைத்தான் கேட்டான். ரயில் விஷயங்களைப் பார்க்கிறவன் அவன், என்னோடு படித்தவன். "நீ பொறியாளரா?" கிண்டலுக்காகக் கேட்கவில்லை. மேலே எழுதும்போது யார் சொன்னார்கள் என்று எழுதவேண்டுமாம். பெட்டிச் சாப்பாட்டில் ஊறுகாய் வைத்தவன் என்று எழுது என்றேன். படங்களை அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சீராக்கி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். பனிக்காலம் முடிந்து எப்படியும் ஆய்வு வரும் என்றான்.

"குழு வந்துட்டுப் போகட்டும், ஷூகோ. அப்புறம் நானே சொல்றேன். அதுக்கு முன்னாடி வாயத் திறந்தா ஊரே உன்ன சும்மா விடாது."

நான் திரும்பி வந்தபோது ஓகிமோதோ மெழுகு செதுக்கும் கத்தியால் என் சுவரைச் சீவிக்கொண்டிருந்தார். பல்லின் உயரத்தைக் குறைப்பதுபோல மெல்ல மெல்ல, ஊதி ஊதி. மேஜைமேல் வெள்ளைத் தூள் குவிந்தது. வண்டியை ஓடவிட்டுக் காட்டினார். சுரங்கத்திலிருந்து வந்தது, வளைந்தது, எதையும் தொடாமல் கடந்து நிலையத்துக்கு வந்து நின்றது. "பார்த்தியா," என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. அந்தத் தூளைக் கையால் வழித்துக் குப்பையில் போடாமல் ஒரு தாளில் மடித்துவைத்தார்.

சுவரின் அச்சு என்னிடம் இருந்தது. அவர் பல் செய்யும் ரப்பரில் எடுத்த அச்சு. அவர் போனபிறகு அதில் மறுபடியும் சாந்தை ஊற்றினேன். காய்ந்ததும் பழக்கத்தில் கறைகளையும் முன்போலவே வரைந்தேன்.

குழு வரும் நாளுக்கு முன்தினம் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. கொட்டும் மழை இல்லை, விடாத மழை. கொட்டினால் மழைமானி வரம்பைத் தொடும், வண்டி தானாக நிற்கும். இது வரம்புக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுகொண்டு பெய்தது, சட்டம் தெரிந்ததுபோல. மறுநாளும் அது விடவில்லை. காலையில் அக்கா மீன் பொதிந்த சோற்றுப் பெட்டிகளைத் துணியில் கட்டினாள். ஊர்ப் பெண்கள் சிலரோடு காரில் கீழ் நகரத்துக்குப் போய், அங்கிருந்து குழுவோடு வண்டியில் வந்து, வழியிலேயே அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் ஏற்பாடு. ஓட்டுவது அத்தான்.

"வரும்போதும் கார்லயே வந்துடேன்," என்றேன்.

"ரயில காப்பாத்துங்கன்னு கேக்கப் போறவ கார்ல வந்தா நல்லாவா இருக்கும்? உனக்கு மூளைங்கறது பேருக்காவது இருக்கா?"

சுவரைச் சொன்னேன். அத்தான் விரல் நீட்டுவதையும் சொன்னேன். முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு இன்னும் இறுக்கி முடிந்தாள்.

"தூக்கத்துலகூட நீட்டுறாரு," என்றாள். "எதுக்குன்னு கேட்டா, கனவும்பாரு." குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

காத்திருப்பு அறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் காகிதக் கொடிகளோடு நடைமேடையில் கூரைக்கு அடியில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நான் அங்கே கொண்டுவந்து வைத்திருந்த மாதிரியின் ஓரத்தில் மண்டியிட்டு, சீவிய சுவரைப் பெயர்த்தெடுத்து, புதிதாக வார்த்ததைப் பொருத்தினேன். நிமிர்ந்தபோது ஓகிமோதோ எதிரில் நின்றிருந்தார். விசேஷத்துக்காக நல்ல உடை உடுத்தியிருந்தார்.

"இது நான் சீவின சுவர் இல்ல."

"இல்ல."

"அவங்க முன்னாடி வண்டி நின்னா என்ன சொல்லுவ?"

"அளவு சரியா இருக்குன்னு சொல்லுவேன்."

அவர் கிஷிகாமியைத் திரும்பிப் பார்த்தார். அவன் ஒலிபெருக்கியைத் தட்டிக்கொண்டிருந்தான். அவர் கத்தினால் அவன் ஓடிவருவான், என்னை வெளியே போகச் சொல்வார்கள், மாதிரி எதையும் தொடாமல் ஓடும். ஓகிமோதோ என் பெட்டியிலிருந்து தூரிகையை எடுத்தார். சாம்பல் வண்ணத்தைத் தொட்டு, அந்த நல்ல உடையோடு தரையில் உட்கார்ந்து, ஓட்டைகளுக்குக் கீழே நான் வரைந்திருந்த கறைகளை ஒவ்வொன்றாக மூடினார்.

"செய்யறத முழுசா செய்," என்றார். "இப்ப காஞ்சுதானே கிடக்கு."

வண்ணம் உலர்வதற்குள் வெளியே சாலை தண்டவாளத்தைக் கடக்கும் கடவின் மணி அடிக்கத் தொடங்கியது. வண்டி சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் அந்த மணி அடிக்கும். பிறகு ஓசாக்கோ வளைவு, பிறகு பாலம், பிறகு நாங்கள். ஒரு தேநீரை ஆற்றிக் குடிக்கும் நேரம்கூட ஆகாது. தடுப்புக் கம்பு இறங்கியது. பிள்ளைகள் கொடியை உயர்த்தினார்கள். விருந்தினர் உள்ளே வரும்போது மாதிரி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று கிஷிகாமி ஓடிவந்து குமிழைத் திருகிவிட்டு நடைமேடைக்குப் போனான். சின்ன வண்டி புறப்பட்டு மலைக்குள் நுழைந்தது, மறுபக்கம் வெளியே வந்தது, வளைந்தது. சுவரில் விலா பட்டு நின்றது. மோட்டார் உறுமியது.

அதைப் பார்க்க அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. எல்லோரும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்டவாளம் மழையில் கறுப்பாக மின்னியது. வளைவுக்கு அப்பால் மலையை மேகம் மூடியிருந்தது. ஒரு பிள்ளை கை வலிக்கிறது என்றது. ஆசிரியை கொடியை இறக்கச் சொன்னாள், பிறகு மறுபடியும் உயர்த்தச் சொன்னாள். கிஷிகாமி கைபேசியைக் காதில் வைத்தான், எடுத்துப் பார்த்தான், மறுபடியும் வைத்தான்.

"அத்தான் கை பிரேக்குல இருக்கும்," என்றேன். குமிழை அணைக்கக் கையை நீட்டிய ஓகிமோதோ அணைக்காமலே நின்றார்.

கடவில் தபால் வண்டி ஒன்று காத்திருந்தது. அதன் கண்ணாடித் துடைப்பான் இடமும் வலமும் போய்க்கொண்டிருந்தது. சிவப்பு விளக்குகள் இரண்டும் மாறி மாறி எரிந்தன. மணி அடித்துக்கொண்டேயிருந்தது. தபால்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, தலையை மழையில் நீட்டி வளைவுப் பக்கம் பார்த்தார்.